மேட்டுப்பக்கம் எது?

சேலத்தில் ஒரு கல்யாண மண்டபம். சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரமாக அடுக்கிவிட்டு, நடுவில் பாய்களைப் போட்டு அவற்றின்மேல் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். முந்தின நாள் கல்யாணத்துச் சாம்பார் வாசனை இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜமுக்காளத்தின் நடுவில் வெள்ளை உடையில் கராத்தே மாஸ்டர் நின்றார். அவரைச் சுற்றி நான்.

சுற்றி என்றால் உண்மையாகவே சுற்றித்தான். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. கோயிலில்கூட நான் அத்தனை பொறுமையாகப் பிரகாரம் வந்ததில்லை. மாஸ்டர் கைகளை உயர்த்திக்கொண்டு, இதோ அடிக்கப்போகிறாள், இதோ அடிக்கப்போகிறாள் என்று காத்திருந்தார். நான் அடிக்கவே இல்லை.

"அம்மிணி, தேங்கா பழம் கொண்டாந்தீங்களா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மண்டபமே சிரித்தது.

நான் எதைத் தேடுகிறேன் என்பது அங்கே இருந்தவர்களில் இரண்டே இரண்டு பேருக்குத் தெரியும். அந்த இரண்டு பேரும் தூணுக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

நான் மேட்டுப்பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த ஜமுக்காளத்தில் மேட்டுப்பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை.

போன வாரம் அண்ணன் வளர்த்த ஆட்டுக்கிடாவைப் பற்றி எழுதியபோது, போகிற போக்கில் 'நான் சண்டை கற்றவள்' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து வாசகர்கள் கடிதம் போட்டுவிட்டார்கள். என்ன சண்டை, யாரிடம் கற்றீர்கள், இப்போதும் அடிப்பீர்களா என்று கேட்கிறார்கள். அண்ணனும் ஒரு கடிதம் போட்டிருக்கிறார். அதை அச்சில் ஏற்ற முடியாது.

சரி, இந்த வாரம் சண்டையைப் பார்த்துவிடுவோம்.

கம்பும் கத்திரிக்கோலும்

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயதிருக்கும். சொந்த ஊர் ஏற்காட்டு மலையில் மாரமங்கலம். நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பகத்து ஆயாவாக இருந்தேன். அம்மாக்கள் பழம் பறிக்கப் போனதும் இருபது பிள்ளைகள் என் இடுப்பிலும் முந்தானையிலும் தொங்கும். காப்பகத்தை ஒட்டி எனக்கென்று ஓர் அறை. அதன் சாவி என் இடுப்பில். அண்ணன் வீட்டில் அண்ணியோடு நான்கு வருஷம் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சாவியின் அருமை தெரியும்.

எஸ்டேட் லாரி ஓட்டியவர் கந்தசாமி அண்ணன். சேலத்துக்கு அந்தப்பக்கம் சமவெளிக் கிராமத்துக்காரர். சிலம்பம் சுற்றுவார். மழையில் நின்று கம்பு சுற்றினால் மேலே ஒரு சொட்டு விழாது என்று சொல்லிக்கொள்வார். ஏற்காட்டில் மழைக்கா பஞ்சம்? ஆனாலும் ஒரு நாளும் செய்து காட்டியதில்லை. தூறல் விழுந்தால் முதல் ஆளாக லாரிக்குள் ஏறிக்கொள்வார்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் தையல் கடை வைத்திருந்தவர் பழனி. பெங்களூரில் ரெடிமேட் கம்பெனி ஒன்றில் மூன்று வருஷம் இருந்து, சாயங்கால நேரங்களில் கராத்தே கற்றுக்கொண்டு வந்தவர். ரவிக்கைக்கு அளவெடுக்கப் போனால் பாதி அளவில் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காற்றில் இரண்டு குத்து குத்திக் காட்டுவார். பெண்கள் அளவு ரவிக்கையைக் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிடுவோம்.

இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. டீக்கடையில் தினமும் இதே பேச்சுதான்.

"ஏனுங்க டிரைவர், கையில கம்பு இல்லாத நேரத்துல ஒருத்தன் வந்து அடிச்சா என்னங்க பண்ணுவீங்க?"

"கையில கத்திரிக்கோல் இல்லாத நேரத்துல நீ என்ன துணி வெட்டுவியோ, அதத்தான் நானும் பண்ணுவேன், போப்பா."

பேச்சு முற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மோதிப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. இடம்தான் கிடைக்கவில்லை. எங்கள் எஸ்டேட்டில் சமமாக இருந்த ஒரே இடம் காப்பி காயவைக்கும் சிமெண்டுக் களம். அது எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரின் ராஜ்யம். அவர் அந்தக் களத்தில் செருப்புக்கால் படவிட மாட்டார், காக்கையைக்கூட விசாரித்துவிட்டுத்தான் இறங்கவிடுவார்.

"காப்பி காயற எடமுங்க இது. ஆறு மாசம் பழம் காயும், ஆறு மாசம் நான் அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். உங்க குதியாட்டத்துக்கெல்லாம் அக்கட்டால போங்க."

அக்கட்டால என்றால் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த சரிவு. மேலே சில்வர் ஓக் மரங்கள், அவற்றின்மேல் மிளகுக் கொடி, கீழே வரிசை வரிசையாகக் காப்பிச் செடி. நடுவில் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு இடைவெளி. அங்கேதான் எஸ்டேட்டே திரண்டு நின்று வேடிக்கை பார்த்தது.

கந்தசாமி அண்ணன் நெற்றி உயரத்துக் கம்பை எடுத்து முதல் சுற்று சுற்றினார். அது சில்வர் ஓக்கில் போய் டங்கென்று அடித்தது. இரண்டாவது சுற்றில் கம்பு மிளகுக் கொடிக்குள் மாட்டிக்கொண்டது. அவர் அதை உருவப் போராடிக்கொண்டிருந்தபோது, இதுதான் நேரம் என்று பழனி ஒரு கத்து கத்திக்கொண்டு எகிறி உதைத்தார். உதை டிரைவரைத் தாண்டிப் போயிற்று. உதையோடு பழனியும் போனார். பன்னிரண்டாவது வரிசையில் ஒரு செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய், ஒரு கையால் அவரை இழுத்து மேலே கொண்டுவந்து சேர்த்தேன். கூட்டம் கைதட்டியது. எனக்கு நாக்கு சும்மா இருக்காது.

"ஏனுங்க, ரெண்டு பேருக்கும் கையெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. காலுதான் சுத்தமா இல்லீங்களே!"

இப்படித்தான் எங்கள் கலை பிறந்தது. ஜப்பானில் எப்படிப் பிறந்ததோ எனக்குத் தெரியாது.

மூன்று விதிகள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் காப்பக வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு பக்கமாகத் திரும்பிக்கொண்டு, "நடக்கக் கத்துக் குடு சரோஜா" என்றார்கள். நான் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ஒப்புக்கொண்டேன். பதிலுக்கு அவர்கள் எனக்குக் கம்பும் கையும் கற்றுத் தரவேண்டும் என்பது பேச்சு.

மலையில் சுமை தூக்கி நடப்பவர்களுக்கு எல்லாம் தெரிந்ததைத்தான் நான் சொன்னேன். இறங்கும்போது பாதத்தைக் குறுக்காக வை. மேட்டுப்பக்கத்து முழங்காலை மடக்கு, பள்ளத்துப்பக்கத்துக் காலை நீட்டு. கண் அடுத்த அடியில் இருக்கட்டும். அதற்கு மேல் அவர்கள் இருவரும் தங்கள் சரக்கை ஏற்றினார்கள். ஏற்ற ஏற்ற எது யாருடையது என்று தெரியாமல் போயிற்று.

கம்பு பாதியாகக் குறைந்தது, மரத்தில் இடிக்கக்கூடாது என்பதற்காக. உதை முழங்காலுக்கு மேலே ஏறக்கூடாது என்று தீர்மானித்தோம், பழனியைத் திரும்பத் திரும்பப் பன்னிரண்டாவது வரிசையிலிருந்து கூட்டிவர யாருக்கும் தெம்பில்லை என்பதற்காக. கம்பு, கை, கால் மூன்றும் சேர்ந்ததால் முக்கூட்டு என்று பெயர் வைத்தோம். பழனிக்கு ஜப்பான் பெயராக வேண்டும் என்று ஆசை. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றுப்போனார்.

முதல் விதி: மேடு பிடி. சண்டை தொடங்கியதும் அடிக்காதே. எதிராளியைச் சுற்றி வந்து மேட்டுப்பக்கம் போய் நில். மேலே நிற்கிறவருக்குப் பாதி வெற்றி அப்போதே கிடைத்துவிடும். கீழே நிற்கிறவன் எவ்வளவு பெரிய பயில்வானாக இருந்தாலும் அவன் குத்து உன் இடுப்போடு நின்றுவிடும்.

செடி தொடாதே என்பது இரண்டாவது. இது ரைட்டருக்குப் பயந்து வந்த விதி. காப்பிக் கிளை ஒன்று முறிந்தாலும் அவர் அரை நாள் ஆப்சென்ட் போட்டுவிடுவார். ஆகவே முழங்கை விலாவை விட்டு விலகக்கூடாது. பழனி அதைத் தன் பாஷையில் சொல்லிக்கொடுத்தார்: "கக்கத்துல ஒரு விரல் லூஸ் இருந்தாப் போதுமுங்க. அதுக்கு மேல விட்டா ஃபிட்டிங் போயிரும்."

மூன்றாவது விதி என்னுடையது. விழுவதற்கு முன் உட்கார். சரிவில் விழுந்தால் எங்கே போய் நிற்போம் என்று சொல்ல முடியாது. கால் நழுவுகிறது என்று தெரிந்த உடனே மேட்டுப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்தவன் விழமாட்டான். உட்கார்ந்தபடியே உதைக்கவும் செய்யலாம்.

பயிற்சிக்குப் பதினோரு பேர் சேர்ந்தார்கள். அதில் ஏழு பேர் பெண்கள். பழனி ஜப்பான் மொழியில் எண்ணுவார். கந்தசாமி அண்ணனுக்கு அது பிடிக்காது. அவர் லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் குரல் கொடுப்பாரே, அந்தக் கணக்கில் சொல்லிக்கொடுப்பார். "வரட்டும், வரட்டும், லெப்ட்ல ஒடி, ஒடி... ஹோல்டான்! ரைட், போலாம்." எங்களுக்கு அதுதான் சுலபமாகப் புரிந்தது. இன்றைக்கும் தெருவில் ஏதாவது லாரி ரிவர்ஸ் எடுத்தால் என் முழங்கால் தானாக மடங்கும்.

சட்டை நனைந்தால் ஃபெயில்

தேர்வு விடிந்ததும் வைப்போம். காப்பி இலைமேல் பனி அப்படியே நிற்கும் நேரம். இரண்டு வரிசைக்கு நடுவில் மேலிருந்து கீழேவரை அடி, தடுப்பு, உதை எல்லாம் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். கீழே கந்தசாமி அண்ணன் நின்று சட்டைக் கையைத் தொட்டுப் பார்ப்பார். நனைந்திருந்தால் ஃபெயில். செடியைத் தொட்டுவிட்டாய் என்று அர்த்தம். மழைக்காலத்தில் எல்லோருமே ஃபெயில் என்பதால் தேர்வைத் தள்ளிவைப்போம்.

பாஸானவர்களுக்குப் பெல்ட் உண்டு. பழனியின் கடையில் மிஞ்சுகிற ரவிக்கைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த பெல்ட். எந்த மாதம் எந்த நிறத்துத் துணி மிஞ்சுகிறதோ அதுதான் அடுத்த படி. வெள்ளைக்கு அடுத்து மஞ்சள், அதற்கடுத்து வாடாமல்லி, அதற்கடுத்து கிளிப்பச்சையில் ஜரிகைக் கரை. ஒரு முகூர்த்த மாதத்தில் மாம்பழக் கலரும் கூடுதலாக மிஞ்சிவிட்டதால் மூன்று பேர் ஒரே நாளில் இரண்டு படி ஏறினார்கள்.

கறுப்புக்குத்தான் திண்டாட்டம். யாரும் கறுப்பில் ரவிக்கை தைக்கக் கொடுப்பதில்லை. கடைசியில் பழனி கம்பி ஒடிந்த குடை ஒன்றைப் பிரித்து, அந்தத் துணியில் மூன்று கறுப்பு பெல்ட் தைத்தார். மூன்று பேரும் நாங்களே கட்டிக்கொண்டோம். வேறு யார் கட்டிவிடுவார்கள்? மழையில் நனையாத கறுப்பு பெல்ட் உலகத்திலேயே எங்களிடம்தான் இருந்திருக்கும்.

பங்குனியில் மழை விழுந்து காப்பி பூத்துவிட்டால் பத்து நாள் பயிற்சி கிடையாது. பூ உதிர்ந்தால் காய் இல்லை. அந்தப் பத்து நாளும் மலையே மல்லிகைப் பந்தல் போட்டதுபோல மணக்கும். நாங்கள் லைன் வாசலில் உட்கார்ந்து வாயால் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். அதில் எனக்கு எப்போதோ கறுப்பு பெல்ட் கிடைத்திருக்க வேண்டும்.

ஏரிக்கரையில் ஒருவன்

ஒரு கோடையில், பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடும் முன்னால், காப்பகத்துக்குப் பால் பவுடர் வாங்க ஏற்காட்டுக்கு வந்திருந்தேன். ஏரிக்குப் போகிற சரிவான சாலையில் ஹாஸ்டல் பெண்கள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வந்துகொண்டிருந்தார்கள். சுற்றுலா வந்த ஒருவன், போதை தலைக்கேறியவன், ஒரு பெண்ணின் சடையைப் பிடித்து இழுத்தான். அந்தப் பெண் வீறிட்டாள்.

நான் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. அவனைச் சுற்றிப்போய் மேட்டுப்பக்கம் நின்றேன். அவன் சடையை விட்டுவிட்டு என் பக்கம் கையை ஓங்கினான். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடி அவன் தொடையில் பாதத்தை வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். மிச்சத்தைச் சாலை பார்த்துக்கொண்டது. உண்ணிச்செடிப் புதரில் போய் விழுந்தான். போதை தெளிந்துதான் எழுந்திருப்பான்.

பின்னால் குடையோடு வந்த பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா இதைப் பார்த்துவிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வேறு யாராவதாக இருந்தால் என்னைப் பாராட்டியிருப்பார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எஸ்.எஸ்.எல்.சி. பாஸா?" என்று கேட்டார்.

பாஸ் என்றேன்.

"கேம்ஸுக்கும் தற்காப்புக்கும் ஒரு லேடி வேணும். ஹாஸ்டல்லயே ரூம். ஆனா கமிட்டி பேப்பர் கேப்பாங்க. கராத்தேக்காரங்க யார்கிட்டயாவது ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வா. லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள வரணும்."

அந்த வாரம்தான் எஸ்டேட்டில் காப்பகத்தை மூடப்போகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். மே மாதத்தோடு சரி. அறைச் சாவியை ரைட்டரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அண்ணன் வீட்டில் அண்ணி ஏற்கெனவே எனக்குப் படுக்க அடுப்படியில் இடம் ஒதுக்கியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தார். இந்த வேலை கிடைத்தால் எனக்கு இன்னொரு சாவி கிடைக்கும். கிடைக்காவிட்டால் அடுப்படிதான். எனக்குப் பயமாக இருந்தது. சிரித்துக்கொண்டே திரிந்தேன், ஆனால் பயமாகத்தான் இருந்தது.

மறுபடியும் ஜமுக்காளம்

அப்படித்தான் சேலத்து மண்டபத்துக்கு வந்து சேர்ந்தேன். சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கெல்லாம் பெல்ட் தேர்வு வைக்க வந்திருந்தார் மாஸ்டர். கந்தசாமி அண்ணனும் பழனியும் அவரிடம் போய்ப் பேசி என்னையும் சேர்த்துக்கொள்ளச் செய்திருந்தார்கள். "மூணு கலையும் கலந்ததுங்க மாஸ்டர், பாத்தா அசந்து போயிருவீங்க" என்று பழனி சொல்லியிருந்தார். மாஸ்டர் அசந்துதான் போனார்.

நான்கு வருஷம் பயிற்சி செய்த எங்களில் ஒருவருக்குக்கூட ஒரு விஷயம் தோன்றவில்லை. நாங்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூடச் சமதரையில் நின்று பழகியதில்லை.

சுற்றினேன், சுற்றினேன், மேடு கிடைக்கவில்லை. கால்கள் பாட்டுக்கு ஒரு முழங்காலை மடக்கி ஒரு காலை நீட்டிக்கொண்டிருந்தன. பார்ப்பவர்களுக்கு நான் நொண்டுவதுபோல இருந்திருக்கும். முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "பாவம், காலு சொகமில்லீங்களாட்ட இருக்குது" என்றது என் காதில் விழுந்தது.

பொறுத்துப் பார்த்த மாஸ்டர் தானே ஓரடி முன்னால் வைத்தார். ஜமுக்காளம் கொஞ்சம் வழுக்கியது. கால் நழுவுகிறது என்று தெரிந்ததும் மூன்றாவது விதிப்படி உடம்பு தானாக வேலை செய்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். சம்மணம் போடாத குறை. பந்திக்கு உட்கார்ந்தவள் மாதிரி மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தேன்.

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "போங்கம்மா, இன்னும் பழகிட்டு வாங்க" என்றார். அவர் அப்படித் தன்மையாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாப்பிள்ளை கார் ஏறும் இடம்

வாசலுக்கு வந்தோம். பழனி டிரைவரைத் திட்டினார். "களத்துல பழகலாமுன்னு நான் அன்னிக்கே சொன்னேனுங்க." டிரைவர் பழனியைத் திட்டினார். "நீ எங்கப்பா சொன்ன? ஜப்பான்ல எண்ணிக்கிட்டிருந்த." நான் இருவரையும் கவனிக்கவில்லை. என் கண் தரையில் இருந்தது.

மண்டப வாசலில், மாப்பிள்ளை கார் படியேறாமல் நேராக உள்ளே வந்து நிற்பதற்காக ஒரு சிமெண்டுச் சரிவு கட்டியிருந்தார்கள். நல்ல சரிவு. எங்கள் லைனுக்குப் பின்னால் இருக்கிற மாதிரியே. அடியில் முந்தின நாள் கட்டிய வாழைமரம் வாடிப்போய் நின்றது.

அதன் உச்சியில் போய் நின்றேன். மலையை விட்டு இறங்கிய பிறகு முதல்முறையாக என் கால்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன.

தேர்வு முடிந்து மாஸ்டர் பையோடு வெளியே வந்தார். நான் வழியை மறித்தேன்.

"மாஸ்டருங்க, ஒரே ஒருக்கா. இங்க நின்னு என்னை அடிங்க."

"என்னம்மா இது?"

"அடிச்சுட்டுப் போயிருங்க. நான் பொறவு ஒண்ணும் கேக்க மாட்டேனுங்க."

அவர் பையைக் கீழே வைத்தார். சும்மா விட்டுவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவருக்கு நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழ்த்து அட்டை போட்டேன்.

அவர் என்னைத் தாண்டிச் சரிவில் இறங்கி, கீழே நின்று உதைத்தார். மண்டபத்தில் என் தோள்வரை வந்திருக்க வேண்டிய உதை, இங்கே என் முழங்காலோடு நின்றது. நான் உட்கார்ந்து, அவர் வயிற்றில் பாதத்தை வைத்து, ஏரிக்கரையில் செய்ததையே செய்தேன். மாஸ்டர் வாழைமரத்தைக் கட்டிக்கொண்டார்.

எழுந்து வந்தார். இந்த முறை பக்கவாட்டில் வந்தார். வாழைமரம் இரண்டாவது முறையும் உதவியது.

மூன்றாவது முறை அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னைச் சுற்றிப் போய்த் தானே மேட்டைப் பிடிக்கப் பார்த்தார். என் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு பின்பக்கமாகச் சரிவில் ஏறினார். குறுக்காக வைக்கவேண்டிய பாதத்தை நேராக வைத்தார். நான் தொடவே இல்லை. தானாகப் போய் உட்கார்ந்தார், ஆனால் தப்பான பக்கத்தில்.

"ஹோல்டான்!" என்று கத்தினார் கந்தசாமி அண்ணன், பழக்க தோஷம்.

மாஸ்டர் உட்கார்ந்த இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்துவிட்டு, "எத்தனை வருஷம்மா இப்படிச் சரிவுல பழகினே?" என்று கேட்டார்.

"நடக்கப் பழகுனதே சரிவுலதானுங்க."

பையைத் திறந்து சர்டிபிகேட் தாள் ஒன்றை எடுத்தார். என் பெயர் எழுதினார். தற்காப்புக் கலையில் தேர்ச்சி என்று எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கடைசியில் இன்னொரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேர்மையான மனுஷர்.

கடைசி வரி: 'சரிவான இடங்களில் மட்டும்.'

பழனியின் யோசனை

மலைக்கு பஸ் ஏறினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப எனக்கு அந்த வரிதான் கண்முன் நின்றது. எந்த ஊரிலாவது இப்படி ஒரு சர்டிபிகேட் உண்டா? கமிட்டிக்காரர்கள் படித்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிப்பு எனக்குப் பழக்கம்தான், சாவி போய்விடுமே என்பதுதான் கவலை.

பாதி மலை ஏறியதும் பழனி மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்திரிக்கோலை எடுத்தார்.

"கடைசி வரிதானுங்க. அரை இஞ்சு. வெட்டுனதே தெரியாது."

"கையெழுத்து அதுக்கும் கீழ இருக்குதப்பா" என்றார் டிரைவர்.

கத்திரிக்கோல் உள்ளே போயிற்று. ஆனால் பழனியின் மூளை நிற்கவில்லை. ஒண்டிக்கடையில் இறங்கியதும் சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற கடைக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனார். டேப்பை எடுத்து அளந்தார். மூன்று பக்கமும் ஒல்லியாக, கீழே மட்டும் கடைசி வரியும் கையெழுத்தும் மறைகிற அளவுக்கு அகலமாக மரச்சட்டம் கேட்டார். கையெழுத்து போனால் போகட்டும், முத்திரை மேலே இருக்கிறது என்பது அவர் கணக்கு.

"ஏனுங்க, கீழ மட்டும் எதுக்குங்க இத்தன அகலம்?" என்றார் கடைக்காரர்.

"ஃபேஷனுங்க" என்றார் பழனி.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதையும் எழுதிவிடத்தான் வேண்டும்.

அகலமான சட்டம்

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவின் அறை பள்ளிக்கூடத்தின் நடுவில் இருந்தது. பெரிய ஜன்னல். மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளர் நிறைய சிவப்புப் பென்சில்கள். சட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நல்லா இருக்கு. கீழே ஏன் இவ்வளவு அகலம்?"

ஃபேஷனுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. இந்த அம்மாவிடம் பொய் சொல்லி வாங்குகிற சாவி எனக்கு எத்தனை நாள் தூக்கம் தரும் என்று தோன்றியது. சேலத்தில் என் பேச்சைக் கேட்டுப் பையைக் கீழே வைத்தாரே, அந்த மாஸ்டரின் கையெழுத்தையல்லவா மறைத்து வைத்திருக்கிறேன்?

"அதுக்குள்ள இன்னொரு வரி இருக்குதுங்க மேடம்" என்றேன்.

சட்டத்தைத் திருப்பி, என் கொண்டை ஊசியாலேயே ஆணிகளை நெம்பித் தாளை வெளியே எடுத்துக் கொடுத்தேன். மண்டபத்தில் சுற்றியதையும், உட்கார்ந்ததையும், வாழைமரத்தையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது, இலேசாகவும் இருந்தது.

அவர் கடைசி வரியைப் படித்தார்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே டுப், டுப், டுப் என்று ஒரு சத்தம். மேலே விளையாட்டு மைதானத்திலிருந்து ஒரு பந்து படிப்படியாகக் குதித்து இறங்கி, எங்கள் ஜன்னலைத் தாண்டி, சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி, கேட்டையும் தாண்டிக் கீழே சாலைக்குப் போனது. அதன் பின்னால், விடுமுறைக்கு ஊருக்குப் போகாத ஒரு பெண் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அது கண்ணைவிட்டு மறையும்வரை பார்த்தார்.

"இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. ஒரு நாற்காலியை ஆடாம போட இன்னும் எனக்கு இடம் கிடைக்கலை" என்றார்.

டம்ளரிலிருந்து ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி, மாஸ்டர் எழுதியிருந்த 'மட்டும்' என்ற சொல்லின்மேல் நிதானமாக ஒரு கோடு போட்டார்.

"ஜூன்ல வந்து சேர்ந்துடு. அந்தச் சட்டத்தை மட்டும் மாத்திடும்மா, பார்க்க சகிக்கலை."

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

வெளியே வந்தேன். கேட்டுக்கு அப்பால் கந்தசாமி அண்ணனும் பழனியும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை ஆட்டிச் சாவியைக் காட்டலாம் என்று நினைத்தேன். இரண்டு படி இறங்குவதற்குள் கண் நிறைந்து அடுத்த படி தெரியாமல் போயிற்று. கால் நழுவுகிறது என்று தெரிந்ததும் மேட்டுப்பக்கமாகச் சாய்ந்து அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று நன்றாக அழுதேன்.